எருக்கிலைப் பச்சை: சென்னைப் படுக்கையறைக்கு ஒரு முழு வழிகாட்டி

நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் படுக்கையறைக்கு முதல்முறையாகப் பச்சை அடித்தேன். போனில் ஒரு படத்தைப் பார்த்து மயங்கி, அதையே கடையில் காட்டிக் கலக்கி வாங்கி வந்த நிறம். பெயின்ட் காய்ந்த அன்று சாயங்காலம் டியூப்லைட்டைப் போட்டதும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னடி இது, பிரசவ வார்டு மாதிரி இருக்கு?" மறுத்துப் பேச வழியில்லை. பகலில் தளிர் போலத் தெரிந்த சுவர், ராத்திரியில் ஆஸ்பத்திரியாகிவிட்டது. அந்த வருட மழையில் ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் அப்பளம்போல் உப்பியும் கொண்டது.

இரண்டாவது முறை அடித்தது இன்றுவரை கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அப்போது என்ன வரிசையில் செய்தேனோ, கிட்டத்தட்ட அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். நிறம் மூன்றாவதாகத்தான் வரும். சென்னையில் பச்சையை முடிவு செய்வது நம் ரசனை பாதி என்றால், சுவரில் இருக்கும் ஈரமும் அறைக்குள் வரும் வெளிச்சமும் மீதி.

எந்த மாதத்தில் ஆரம்பிப்பது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செங்கல் சுவர் குடித்த தண்ணீர் வெளியேறச் சில வாரங்கள் பிடிக்கும். பொங்கலுக்குள் அடித்துவிட வேண்டும் என்று நாம் அவசரப்படுவது, சுவர் அதிக ஈரத்தோடு இருக்கும் நேரத்தில்தான். போகிக்கு வீட்டை ஒழியுங்கள், பழைய சாமானைக் கழியுங்கள். பெயின்ட் மட்டும் பிப்ரவரி, மார்ச் வரை காத்திருக்கட்டும். கத்திரி வெயில் காலத்திலும் அடிக்கலாம், சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் மேற்குச் சுவர் கொதிக்கும் பிற்பகலில் அடித்தால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து பிரஷ் தடம் விழும். அந்தச் சுவரைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

சுவரைக் கேளுங்கள்

நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். கையில் சுண்ணாம்புப் பொடி ஒட்டினால் அது டிஸ்டெம்பர் என்ற பழைய ரகப் பூச்சு. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே எமல்ஷன், அதாவது இப்போது சுவருக்கு அடிக்கும் தண்ணீர் கலந்த பெயின்ட், அடித்தால் இரண்டும் சேர்ந்து உரிந்து வரும். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருந்தால் அது உப்பு. செங்கல்லிலும் பூச்சிலும் இருக்கும் உப்பு, ஈரத்தில் கரைந்து வெளியே வந்து காயும்போது இப்படிப் பூக்கும். அதைத் துடைத்து மேலே பட்டி பார்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காதவரை அது திரும்பத் திரும்ப வரும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சந்தேகமான இடத்தில் வைத்து, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி குறையும்.

சுவருக்குள்ளிருந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை: பின்புறம் குளியலறை இருக்கிறதா, மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா, ஏசியின் தண்ணீர்க் குழாய் சுவரிலேயே சொட்டுகிறதா, ஜன்னல் சன்ஷேடில் விரிசல் இருக்கிறதா. எங்கள் வீட்டில் குற்றவாளி சன்ஷேட். மேலே தேங்கிய மழைநீர் விரிசல் வழியாக இறங்கி, ஜன்னலுக்குக் கீழே தலைகாட்டியது. மேஸ்திரி அரை நாளில் அடைத்தார். நான் அதற்கு முன் பெயின்டுக்கும் கூலிக்கும் கொட்டியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பழைய வீடு என்றால் இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில், முக்கியமாகக் கதவு ஜன்னல்களில் அடித்த எனாமலில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்து அறை முழுக்கத் தூசி கிளப்ப வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

எந்தப் பச்சை

நம்மிடம் பச்சைக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, தளிர்ப்பச்சை, வாழைக்குருத்து, பிஸ்தா. பட்டுப்புடவைக்கு இவை எல்லாமே அழகு. சுவருக்குப் பாதி ஆகாது. புடவையை மூன்று மணி நேரம் கட்டுகிறோம், சுவரோடு பத்து வருடம் குடித்தனம் நடத்த வேண்டும்.

படுக்கையறைக்கு வேண்டியது, சாம்பல் கலந்த பச்சை. கடைகளில் சேஜ் கிரீன் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். நான் அந்தப் பெயரை விட்டு வேறு வழியில் போனேன். எங்கள் தெருமுனைக் காலி மனையில் எருக்கஞ்செடி மண்டிக் கிடக்கிறது. பச்சைமேல் திருநீறு தூவியதுபோல் இருக்கும் அந்த இலை வெயிலில் பளபளக்காது, நிழலில் கறுக்காது. இரண்டு இலைகளைப் பறித்து பெயின்ட் கடைக்கே கொண்டு போய், ஷேடு கார்டு மேல் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார், ஆனால் பத்து நிமிடத்தில் நாலு ஷேடு தேறியது. பறிக்கும்போது வடியும் பால் கண்ணில் படக் கூடாது, அது ஆபத்து. எருக்கு வேண்டாம் என்றால் கொய்யா இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே நிறம்தான்.

நாலு ஷேடிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் செய்தது இது. சின்னச் சின்ன அளவில் மாதிரி வாங்கி, பெரிய வெள்ளைச் சார்ட் அட்டைகளில் ஆளுக்கு இரண்டு கோட் அடித்தேன். ஓரத்தில் இரண்டு விரல் வெள்ளை விட்டேன். அப்போதுதான் நிறம் நீலத்தின் பக்கம் சாய்கிறதா, மஞ்சள் பக்கமா, சாம்பல் பக்கமா என்பது தெரியும். நேராகச் சுவரிலேயே அடித்துப் பார்த்தால் பழைய நிறம் கூடவே நின்று ஏமாற்றும். அட்டையை ஒவ்வொரு சுவரிலும் மாற்றி மாற்றி ஒட்டி, காலை ஏழு மணி, பகல் ஒரு மணி, விளக்குப் போட்ட பின் என மூன்று வேளையும் மூன்று நாள் பார்த்தேன். எங்கள் பெயின்டர் அண்ணன், "அக்கா, ராத்திரி லைட்டுல பாத்துட்டு சொல்லுங்க, பகல்ல எல்லா கலரும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். இதை அவர் முதல் தடவையே சொல்லியிருந்தால் என்று தோன்றியது. சொல்லித்தான் இருந்தார், நான்தான் கேட்கவில்லை.

அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறிய ஷேடை வாங்குங்கள். நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் அடித்து, அறைக்குள் எந்த நிறமும் அட்டையில் தெரிந்ததைவிட அழுத்தமாகவே தெரியும்.

ஜன்னல் பார்க்கும் திசையும் முக்கியம். கிழக்கு ஜன்னல் அறைக்குக் காலை வெளிச்சம் பொன்னாக வரும். சாம்பல் கூடிய, லேசாக நீலம் சாய்ந்த பச்சை அங்கே சமநிலைக்கு வரும். மேற்கு ஜன்னல் என்றால் பிற்பகல் வெயில் மஞ்சள் சாய்ந்த பச்சையைக் காய்ந்த புல்லாகக் காட்டும், அதனால் மஞ்சள் கலந்ததைத் தவிருங்கள். வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று வெளிநாட்டு அலங்காரக் குறிப்புகள் சொல்லும். அது நமக்குப் பொருந்தாது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். எதிர்வீட்டுச் சுவர் மூன்றடி தள்ளி நிற்கும் அறைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அந்தச் சுவரின் நிறம்தான் உங்கள் அறையின் வெளிச்சம். எதிரே ஆரஞ்சுச் சுவர் இருந்தால் உங்கள் பச்சை கொஞ்சம் பழுப்பாகும். அதையும் அட்டையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு சுவருக்கும் அடிப்பதா, கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு மட்டுமா? அறை பத்துக்குப் பன்னிரண்டுக்குக் குறைவாக இருந்தால் நாலுக்குமே ஒரே வெளிர் பச்சை அடிப்பதுதான் என் கட்சி. ஒரு சுவர் மட்டும் பச்சையாக இருந்தால் சின்ன அறை துண்டு துண்டாகத் தெரியும். கூரைக்குப் பளிச்சென்ற வெள்ளை வேண்டாம், மோர் நிறம் போதும்.

விளக்கை முதலில் மாற்றுங்கள்

என் பிரசவ வார்டுக்குப் பாதிக் காரணம் 6500 கெல்வின் டியூப்லைட். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. அந்த வெள்ளை வெளிச்சத்தில் நீலம் அதிகம். அது பச்சையைக் குளிர்ந்த நிறமாகக் காட்டும், தோலையும் சோகையாகக் காட்டும். படுக்கையறைக்கு 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் நல்லது. துணி மடிக்க, படிக்க வெளிச்சம் போதவில்லை என்றால் 4000 கெல்வினில் ஒன்றைத் தனி ஸ்விட்சில் வையுங்கள். பல்ப் அட்டையில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், 90க்கு மேல் என்றால் நிறங்கள் உள்ளபடி தெரியும். ஷேடு பார்க்கும் முன்பே இதை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் பச்சையும் மாறிவிடும்.

பட்டி, பிரைமர், இரண்டு கோட்

இது பெயின்டர் வேலை. ஆனால் வரிசை நமக்கும் தெரிந்திருந்தால் நல்லது: சுரண்டுவது, விரிசல் அடைப்பது, பட்டி, உப்புத்தாள், பிரைமர், அப்புறம் பெயின்ட் இரண்டு கோட். புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது ஒரு மாதம் ஆற விடுங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிடச் சென்னையின் புழுக்கத்தில் கொஞ்சம் கூடவே விட வேண்டும்.

எவ்வளவு வாங்குவது? பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழித்தால் சுமார் 400. டப்பாவில் ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி, அது ஒரு கோட்டுக்கா இரண்டு கோட்டுக்கா என்று அச்சிட்டிருக்கும். இரண்டு கோட்டுக்கு 100 சதுர அடி என்றால் 4 லிட்டர். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். வெளிர் பச்சையில் மெஷின் ஒரு சொட்டு கூடக் குறையப் போட்டாலும் கண்ணில் படும்.

மினுமினுப்பு இல்லாத மேட் பூச்சில் இந்தப் பச்சை மிக அழகாக இருக்கும். குழந்தை கிரேயானோடு திரியும் வீடு என்றால் லேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய ரகத்துக்குப் போங்கள். அழகைவிட நிம்மதி பெரிது.

கோரை, பனை, பிரம்பு, பருத்தி

இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. இயற்கைப் பொருள் என்றதும் எங்கோ நெய்த புல்கூடைகளை ஆன்லைனில் தேடுகிறோம். நம் பரணில் இருப்பதெல்லாம் அதுதானே! பச்சைச் சுவர் அமைதியாகப் பின்னால் நிற்கட்டும், முன்னால் பேச வேண்டியது வைக்கோல் நிறமும் மரத்தின் பழுப்பும்.

கட்டிலின் தலைமாட்டில் நான் மாட்டியிருப்பது ஒரு பத்தமடைப் பாய். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப்புல்லைக் கீறி, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்யும் இந்தப் பாய், புவிசார் குறியீடு பெற்றது. நுண்ணிய ரகம் துணிபோல மடியும். சாயம் ஏற்றாத, ஓரத்தில் மட்டும் கோடு ஓடும் பாயாக எடுத்தேன். மேலும் கீழும் ஒரு மூங்கில் கழியைக் கோத்து, சுவருக்கும் பாய்க்கும் அரை அங்குலம் காற்று போக இடம் விட்டு மாட்டினேன். அந்த இடைவெளி முக்கியம். சுவரோடு ஒட்டிய கோரை, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நவம்பரில் வெயில் வருகிற நாளில் கழற்றி மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்தால் போதும்.

தரைக்கு ஜமக்காளம். பவானி ஜமக்காளத்தின் சிவப்பு, நீலப் பட்டைகள் பச்சைச் சுவரோடு சண்டை போடும் என்று முதலில் பயந்தேன். ஒன்றே ஒன்றை, அழுத்தமான நிறத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டால் அறைக்கே உயிர் வருகிறது. இரண்டாவதைப் போட்டால் கல்யாண மண்டபம். பெரும்பாலான ஃபிளாட்களில் தரை வெளிர் விட்ரிஃபைட் டைல்ஸ். அதை ஆத்தங்குடிக் கல்லாக மாற்றும் ஆசை எனக்கும் உண்டு, பட்ஜெட்டுக்கு இல்லை.

படுக்கை விரிப்புக்கு வெள்ளை அல்லது கோரா நிறக் கைத்தறி. சென்னிமலை விரிப்புகள் துவைக்கத் துவைக்க மிருதுவாகும். 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸின் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் வாங்குவது என் பழக்கம். சுவரில் இருக்கிற பச்சையையே விரிப்பிலும் தேடாதீர்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற பச்சை, பொருந்தாத பச்சையைவிட மோசம்.

பிரம்பு நாற்காலி ஒன்று போதும். தாத்தா வீட்டில் பின்னல் அறுந்து கிடப்பது இருந்தால் அதையே எடுத்து வாருங்கள்; பிரம்பு பின்னிக் கொடுப்பவர்கள் நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். வாங்கும்போதோ எடுத்து வரும்போதோ அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறதா என்று தட்டிப் பாருங்கள். கொட்டினால் உள்ளே வண்டு குடித்தனம் நடத்துகிறது. அது கட்டிலுக்கும் பரவும், எனவே சிகிச்சை செய்யாமல் உள்ளே விடக் கூடாது. பழைய தேக்கு அலமாரி இருந்தால் அதற்குப் பச்சையோ வெள்ளையோ அடித்துக் கெடுக்க வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். தேக்கின் பழுப்பும் எருக்கிலைப் பச்சையும் அவ்வளவு பொருத்தம். சுத்தம் செய்து ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கலாம்.

சில்லறைச் சாமானுக்குச் செட்டிநாட்டுக் கொட்டான். பனையோலையில் பின்னியது, கண்ணாடி, மாத்திரை, சார்ஜர் எல்லாம் அதற்குள் போய்விடும். கொசப்பேட்டையில் கொலு பொம்மை வாங்கப் போகும்போது ஒரு மண் ஜாடியும் வாங்கினேன். மண்ணின் செம்மை, பச்சைக்கு எதிரே நன்றாக எடுக்கிறது. பித்தளையில் ஒன்று, அதுவும் சின்னது. உருளி, குத்துவிளக்கு, மரப்பாச்சி, தஞ்சாவூர்த் தட்டு என்று எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்தால் கைவினைப் பொருட்காட்சிக்குள் தூங்குவதுபோல் இருக்கும். நான் வைத்துப் பார்த்து, ஒரே வாரத்தில் பாதியை எடுத்துவிட்டேன்.

ஜன்னல்

திரைச்சீலைக்குக் காடாத் துணி. சாயம் போடாத, வெளுக்காத பருத்தி; விலையும் குறைவு, ஜார்ஜ் டவுன் துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு வாங்கி, தைக்கும் முன்பே தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் தரையைத் தொட்ட திரை கணுக்காலுக்கு ஏறிவிடும்.

மேற்கு ஜன்னலுக்குக் காடா மட்டும் போதாது, வெளியே ஒரு மூங்கில் தட்டி வேண்டும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுத்தால்தான் அறை குளிரும். வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கும் பழைய வழக்கத்துக்குச் சென்னையில் ஒரு கணக்கு உண்டு. கோடையில் மேற்கிலிருந்து உலர்ந்த தரைக்காற்று வீசும்வரை அது பிரமாதமாக வேலை செய்யும். பிற்பகலில் கடற்காற்று ஈரத்தோடு வந்துவிட்டால் வாசனை மட்டும் மிஞ்சும். அந்த வாசனைக்காகவே நான் கட்டுவேன். கொசுவலையை மறக்காதீர்கள், கறுப்பு வலை வெள்ளையைவிடக் கண்ணுக்குத் தெரியாது.

செடி

ஒன்றிரண்டு போதும். ஸ்னேக் பிளாண்ட், மணி பிளாண்ட் இரண்டும் குறைந்த வெளிச்சத்தில் தாங்கும். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் எதையும் வைக்காதீர்கள். செடி அறைக்காற்றைச் சுத்தம் செய்யும் என்று 1989ஆம் ஆண்டு நாசா ஆய்வைக் காட்டிச் சொல்வார்கள். அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் செய்த சோதனை. ஜன்னல் திறக்கும் அறைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அழகுக்காக வையுங்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும், இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிடுங்கள்.

வாடகை வீடு என்றால்

ஹவுஸ் ஓனரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள், காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைக்காமல் இருக்க அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் முறையைத் திருப்பிப் போடுங்கள்: சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும், திரையும் விரிப்பும் எருக்கிலைப் பச்சைக் கைத்தறியில் வரட்டும். பாயும் கொட்டானும் அப்படியே. லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற அலங்காரம் அது.

வேலை முடிந்த பிறகு

நாலைந்து நாள் ஜன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிட்டு, வாசனை போன பிறகு படுக்கப் போங்கள். கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே போடுங்கள். மிஞ்சிய பெயின்டைச் சின்ன டப்பாவில் ஊற்றி இறுக்கி மூடி, ஷேடு எண்ணையும் வாங்கிய தேதியையும் மூடியில் எழுதி வையுங்கள். எங்களுடையது பரணில், அரை லிட்டர். டிசம்பர் மழை முடிந்ததும் ஜன்னலுக்குக் கீழே ஒருமுறை தடவிப் பார்க்கிறேன். போன வருடம் அந்த டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.